கீரியை அடைத்த செந்நாய்

காட்டு ஏரிக்கரையில் ஒரு செந்நாய் காவல் இருந்தது. கரையில் முட்டையிடும் பறவைகளுக்கும், வளை தோண்டி வாழும் பிராணிகளுக்கும் அதுதான் பாதுகாப்பு.

அந்தக் கரைக்கென்று ஒரு முறை உண்டு. யார் மேலாவது சந்தேகம் வந்தால், செந்நாய் காரணத்தைச் சொல்லி நிறுத்தலாம், கேள்வி கேட்கலாம். ஆனால் பாறைப் பொந்தில் தள்ளி, வாசலில் கல்லைப் புரட்டி வைக்க வேண்டுமென்றால் சந்தேகம் போதாது. கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும். இல்லாவிட்டால் தெளிவான தடயம் வேண்டும்.

மலையில் நல்ல மழை. ஏரி ஏறிக்கொண்டே இருந்தது. காலையில் ஆள்காட்டிக் குருவி அலறியது.

“ஐயோ, என் முட்டைகள்! இரை தேடிப் போய்வருவதற்குள் நாலும் போச்சே!”

கரையே கூடிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு தாய்க்கீரி, உடம்பெல்லாம் சேறாக, அந்த வழியே ஓடியது.

“நில்!” என்றது செந்நாய். “இங்கே முட்டைகளைக் காணோம். நீ சேறும் சகதியுமாக ஓடுகிறாய். அதனால் கேட்கிறேன். எங்கே போகிறாய்?”

“என் வளைக்கு, அண்ணே! உள்ளே தண்ணீர் வருகிறது. இரண்டு குட்டிகளை மேட்டில் கொண்டுபோய் விட்டேன். மூன்றாவது இன்னும் உள்ளேதான் இருக்கிறது. வழி விடுங்கள்!”

செந்நாய் அதன் வாயை மோந்து பார்த்தது. “முட்டை வாசம் அடிக்கிறதே!”

“கீரி வாயில் தாமரை வாசமா அடிக்கும்? நேற்று கௌதாரி முட்டை தின்றேன். சந்தேகம் என்றால் கூடவே வாருங்கள். வளையைப் பாருங்கள்!”

வளை நூறு அடி தூரம்தான். செந்நாய் அந்தப் பக்கம் திரும்பவும் செய்தது.

மரத்திலிருந்து குரங்கு கத்தியது. “ஏட்டையா கதை கேட்கக் கிளம்பிட்டாரு! குட்டி என்று சொன்னதும் மனசு உருகிப்போச்சு!”

கொக்குகள் சிரித்தன.

“என் முட்டைகளுக்கு யார் பதில் சொல்வது?” என்று ஆள்காட்டி அழுதது. “நீங்கள் காவல் இருந்து என்ன பிரயோசனம்?”

அது செந்நாய்க்குச் சுருக்கென்று தைத்தது. கீரியைப் பொந்தில் தள்ளிக் கல்லைப் புரட்டி வைத்தது.

“என் குட்டி! ஐயோ, என் குட்டி!” என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

கூட்டம் திருப்தியோடு கலைந்தது. செந்நாய்க்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை.

‘நான் பார்த்தது என்ன? சேறும் ஓட்டமும். மோந்தது நேற்றைய முட்டையா, இன்றைய முட்டையா? எனக்கே தெரியாது. இதை வைத்தா கல்லைப் புரட்டினேன்? இல்லை. குரங்கு சிரித்ததே, அதற்குப் பயந்து புரட்டினேன்.’

அது எழுந்து வளையை நோக்கி ஓடியது. வளையின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது. செந்நாய் மேலிருந்து மண்ணைப் பறித்தது. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. உள்ளே, மூக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு ஒரு குட்டி நடுங்கியது. கொஞ்சம் பிந்தியிருந்தால் அந்த மூக்கும் மூழ்கியிருக்கும்.

குட்டியைக் கவ்விக்கொண்டு வரும் வழியில் ஆள்காட்டியின் இடத்தைப் பார்த்தது. முட்டைகள் கிடந்த கூழாங்கற்களைக் காலையில் அலை மட்டுமே தொட்டுப் போனது; இப்போது முழங்கால் அளவு தண்ணீர். பக்கத்துக் கோரைப்புல்லில் நாலு முட்டைகளும் உடையாமல் மிதந்தன. தொட்டுப் பார்த்தது. சில்லிட்டிருந்தன.

செந்நாய் பொந்து வாசலிலிருந்து கல்லைப் புரட்டித் தள்ளியது. குட்டியைத் தாயின் முன்னால் வைத்தது.

“என்னை மன்னித்துவிடு. உன்னை நிறுத்தியிருக்கவே கூடாது.”

கீரி குட்டியை நக்கிக்கொண்டே பேசியது. “நிறுத்தியது தப்பில்லை, அண்ணே. முட்டைகளைக் காணோம், நான் சேற்றோடு ஓடுகிறேன். யாராக இருந்தாலும் நிறுத்தத்தான் செய்வார்கள். நானும் பதில் சொன்னேன். அது உண்மையா பொய்யா என்று பார்க்க நூறு அடி நடந்தால் போதும். நடக்காமல் அடைத்தீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.”



விஷயம் கேள்விப்பட்ட ஆள்காட்டி, ஏரியைப் பார்த்தது. “தண்ணீர்தான் கொண்டுபோயிற்றா? அப்படியென்றால் நான் யாரைத் திட்டுவேன்?” என்றது. இந்த முறை குரங்குகூடச் சிரிக்கவில்லை. செந்நாய் ஆள்காட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

ஒருவரை நிறுத்திக் கேட்பதற்குச் சந்தேகம் போதும். அடைத்து வைப்பதற்குச் சான்று வேண்டும்.