புகார் தீர்க்கப்பட்டது

எங்க தெருவுல ஒரே வீட்டுக்குள்ள மூணு மேதைங்க இருக்காங்க. இதை நான் சொல்லல, அவங்களே சொல்லிக்கிடுறதுதான். மூத்தவர் வெயிலுமுத்து, அரசாங்க ஆபீஸ்ல சூப்பிரண்டு. நடுவுள்ளவர் குருநாதன், காலேஜ் வாத்தியார். கடைசி சீனிராஜ், ரெண்டு எம்.ஏ. முடிச்சிட்டு இன்னொண்ணு படிக்கிறான், முதல் ரெண்டும் பத்தலையாம். நான் எதிர்வீட்டு பாக்கியம். ஜன்னல் எனக்கு, சினிமா அவங்க வீட்டுல.

இவங்களுக்கு ஒரு தங்கச்சி, சண்முகவடிவு. அந்தக் குடும்பத்துக்குன்னு அளந்து வச்ச புத்தி பூரா அவகிட்ட போய்ச் சேர்ந்திருச்சு. பெங்களூர் கம்பெனி ஒண்ணு வேலை விஷயமா அவளைக் கூப்பிட்டிருந்தது. வீட்டுல இருந்தே செய்யிற வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடியோவுல இன்டர்வியூ. வேலை கிடைக்கலேன்னா தை மாசம் உரக்கடைக்காரனுக்குக் கட்டிக் கொடுத்துடுறதா அண்ணன்மார் பேசி முடிச்சிருந்தாங்க. அவனை வடிவுக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது, ஆனா என்னை யார் கேட்டா?

சிக்கல் அவங்க வீட்டு வைஃபை. ஆள் பேசினா வாய் மட்டும் அசையும், சத்தம் வராது. சத்தம் வந்தா மூஞ்சி அப்படியே நின்னுடும். எங்க தெருவுல செல்போன் நெட்டும் கிடையாது, போன் பேசவே மாடி ஏறணும்.

"எங்க வீட்டுல வந்து பேசட்டுமே, நெட்டு நல்லாத்தான் வருது"ன்னேன் வெயிலுமுத்துகிட்ட.

"நம்ம வீட்டு இன்டர்வியூவை அடுத்த வீட்டுல வச்சா நாலு பேரு என்ன நினைப்பாங்க அக்கா?"ன்னுட்டு, மாடிக்குப் போய் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார்.

மோடத்தை ஆஃப் பண்ணிட்டு கொஞ்ச நேரம் காத்திருங்க சார்னு அங்க பேசின பொண்ணு சொன்னா. ஆஃப் பண்ணினாங்க. மூணு பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டு மோடத்துக்கு முன்னால உட்கார்ந்தாங்க. காபி வந்தது, சாப்பாடு வந்தது, மறுபடி காபி வந்தது. பொழுது சாயிற நேரத்துல வடிவு வந்து பார்த்தா.

"அண்ணே, ஆன் பண்ணட்டுமா?"

"ஆன் பண்ணச் சொல்லலையே"ன்னார் குருநாதன். "சொல்லாததைச் செஞ்சு ரிப்பேர் ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

மறுநாள் திரும்பவும் போன். ஆன் பண்ணலாம் சார், ஆனா ஒரே நேரத்துல நிறைய பேர் நெட் யூஸ் பண்ணாதீங்கன்னு பதில் வந்தது. உடனே வடிவோட ரெண்டு மதினிமாரையும் பிறந்த வீட்டுக்கு அனுப்பி வச்சாங்க. ரெண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்காம ஆட்டோவுல ஏறினாங்க. அவ்வளவு சந்தோஷத்தை அவங்க முகத்துல நான் கல்யாணத்தன்னிக்குக்கூடப் பார்க்கல.

கஸ்டமர் கேர்ல சொன்ன மூணாவது யோசனைதான் வீட்டுக்கே வினையாப் போச்சு. மோடத்துக்கும் லேப்டாப்புக்கும் குறுக்க சுவர் இருக்கக் கூடாதாம். அண்ணன் தம்பி கூடி ஆலோசனை பண்ணினாங்க.

"மோடம் ஹால்ல இருக்கு, வடிவு ரூம்ல இருக்கா. நடுவுல சுவர்"ன்னார் வெயிலுமுத்து, கண்ணை மூடிக்கிட்டு.

"வடிவு ஹாலுக்கு வந்துட்டா?"ன்னான் சீனிராஜ். ஆயுசுல ஒரே ஒரு தடவை அவன் வாயில இருந்து உருப்படியா ஒண்ணு வந்தது.

"வரட்டும். அவ வந்துட்டா சுவர் எந்திரிச்சுப் போயிடுமா?"ன்னார் குருநாதன்.

சீனிராஜ் யோசிச்சுப் பார்த்தான். "போகாதுண்ணே."

கொத்தனார் வந்து சுவரை இடிச்சார். அந்தச் சுவர் ஓரமாத்தான் நெட் கேபிளை ஆணியடிச்சு இழுத்திருந்தாங்க. சுவரோட அதுவும் போச்சு. அதுவரைக்கும் சொட்டுச் சொட்டா வந்த நெட்டு சுத்தமா நின்னு, மோடத்துல சிவப்பு லைட்டு எரிஞ்சது. வடிவு செங்கல் குவியல் மேல உட்கார்ந்து அழுதா.

புகார் பதிவு பண்ணினாங்க. ஆள் வருவார்னாங்க. கம்பெனிக்காரங்க மட்டும் லேசுப்பட்டவங்களா? ஆள் வரல. வெள்ளிக்கிழமை மத்தியானம் மெசேஜ் வந்தது: 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் வழங்குங்கள்.'

வெயிலுமுத்து தெருவுக்கே கடலைமிட்டாய் கொடுத்தார்.

"அண்ணே, சிவப்பு லைட்டு இன்னும் எரியுதே!"ன்னா வடிவு.

"எரியட்டும்மா"ன்னார் குருநாதன். "தீர்க்கப்பட்டதுன்னு கம்பெனி எழுத்துல கொடுத்திருக்கான். லைட்டு எழுத்துல ஏதாவது கொடுத்திருக்கா?"

வடிவு லேப்டாப்பைச் சேலைத் துணிக்குள்ள சுத்தி, பின்வாசல் வழியா சுத்திக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டா. உள்ரூம்ல உட்கார வச்சு கதவைச் சாத்தினேன். இன்டர்வியூ ஆரம்பிச்சது. எதிர்ப்பக்கம் இருந்தவரும் தமிழ் ஆள்தான் போல, கேட்ட கேள்விக்கெல்லாம் பிள்ளை டக்கு டக்குன்னு பதில் சொல்லுது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டதுல எனக்கே நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

அந்த நேரம் பார்த்து மூணு பேரும் வாசல்ல நிக்கிறாங்க.

"ஒரு சின்ன உதவிக்கா. கம்பெனிக்கு நட்சத்திரம் கொடுக்கணும்"ன்னார் வெயிலுமுத்து.

"உங்க வீட்டுல இருந்தே கொடுக்க வேண்டியதுதான?"

"எங்க நெட்டு சரியாயிடுச்சுக்கா. வரத்தான் மாட்டேங்குது."

கொடுத்துத் தொலைச்சா கிளம்பிடுவாங்கன்னு பாஸ்வேர்டைச் சொன்னேன். என் கெட்ட நேரம். மூணு போன்லயும் ஒரே சமயத்துல அமுக்கினாங்க. அஞ்சு நட்சத்திரத்தை மூணு பேருக்கு எப்படிப் பிரிக்கிறதுன்னு நடுவுல ஒரு தகராறு வேற. நட்சத்திரம் போகல, வட்டம் சுத்திக்கிட்டே இருந்தது. உள்ரூம்ல இருந்து அந்தப் பெங்களூர் ஆள் குரல் கேட்டது.

"ரொம்ப சந்தோஷம்மா. கடைசியா ஒண்ணே ஒண்ணு. இது வீட்டுல இருந்து பார்க்கிற வேலை. உங்க வீட்டுல நெட் நம்பிக்கையா இருக்குமா?"

"ரொம்ப நம்பிக்கையா இருக்கும் சார்! ஒரு நாள்கூட நடுவுல..."

"மெதுவாப் போகுதுண்ணே, முதல் வைத்தியத்தைப் பண்ணிடுவோம்"னு குருநாதன் எட்டி என் மோடம் ஒயரைப் பிடுங்கிட்டார்.

நான் அலறின அலறலுக்குக் கதவைத் திறந்துக்கிட்டு வடிவு வெளிய வந்தா. கையில இருந்த லேப்டாப்புல பெங்களூர் ஆள் மூஞ்சி அப்படியே நின்னுபோயிருந்தது. மூணு பேரும் அதுக்குள்ள என் ஹால்ல நாற்காலி போட்டு, என் மோடத்துக்கு முன்னால காத்திருக்க ஆரம்பிச்சிருந்தாங்க.

வெயிலுமுத்து தங்கச்சியை ஏற இறங்கப் பார்த்தார். விஷயம் என்னன்னு கேட்டுக்கிட்டார். அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"என்ன வடிவு இப்படிப் பண்ணிட்ட! நம்ம வீட்டுல இருந்து பேசியிருந்தா இந்த மாதிரி ஆகியிருக்குமா?"