டிரெய்லர் வீட்டுக்கு மூவர் போட்ட பட்ஜெட்

முள்ளுக்காட்டுப்புதூர்க்காரர்கள் எதையும் யோசிக்காமல் செய்வதில்லை. யோசிப்பதால்தான் இவ்வளவு கெடுகிறது.

அந்த ஊரில் சென்னியப்பன், நாச்சிமுத்து, பொங்கியண்ணன் என்று மூன்று பேர். மூவருக்கும் தென்னந்தோப்பு உண்டு. அறிவும் உண்டு என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். போன வைகாசியில் மலைக்குப் போனவர்களுக்கு எந்த லாட்ஜிலும் ரூம் கிடைக்கவில்லை. நாச்சிமுத்துவின் பழைய ஜீப்பிலேயே மழையில் இரண்டு நாள் குந்தியிருந்தார்கள். அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டே, அடுத்த தடவை வீட்டையே பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வருவது என்று சபதம் போட்டார்கள். ஊருக்குத் திரும்பியதும் பஸ் நிறுத்தத்தில் பிளக்ஸும் வைத்துவிட்டார்கள். இனிப் பின்வாங்க முடியாது.

தலைக்கு நாற்பதாயிரம் போட்டு லட்சத்து இருபதாயிரம் சேர்ந்தது. வெல்டிங் பட்டறை மருதாசலத்திடம் போனார்கள். கரடுமுரடான மலைப்பாதையிலும் போகிற மாதிரி, படுக்கையும் அடுப்பும் வைத்த டிரெய்லர் வீடு வேண்டும். இரும்புச் சட்டம் மட்டும் அவர் அடித்துக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அவர்களே செய்துகொள்வார்கள் என்றார்கள்.

மருதாசலம் நல்ல மனிதர். கேட்டவர்களுக்கெல்லாம் யோசனை சொல்லிவிடுவார்.

"முதல்ல பட்ஜெட் போடுங்க. இரும்பு எடைக்குத்தான் விலை. எடையைக் குறைச்சா செலவு குறையும். எதிர்பாராத செலவுக்குன்னு ஒரு பன்னண்டாயிரம் தனியா எடுத்து வையுங்க. அப்புறம், பாதையில இருக்கிற மேடு பள்ளத்தைக் கணக்குல எடுத்துக்கிட்டுத்தான் அடிப்பலகை போடோணும். அவ்வளவுதானுங்க."

மூவரும் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்தே எடை குறைப்பு ஆரம்பமாயிற்று. காலையில் கொள்ளு ரசம், மத்தியானம் ஒரு வெள்ளரிக்காய், அதோடு சரி. பத்தாம் நாள் மூவரும் ரைஸ் மில் தராசில் ஏறி நின்று, சீட்டு வாங்கிக்கொண்டு இரும்புக் கடைக்குப் போனார்கள்.

"நான் அஞ்சு கிலோ, இவன் மூணு கிலோ, பொங்கியண்ணன் நாலு கிலோ. மொத்தம் பன்னண்டு கிலோ குறைச்சிருக்கறோம். அதுக்கான காசைக் கழிச்சுக்குங்க" என்றார் சென்னியப்பன்.

கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உங்க எடைங்களே."

"பின்னே ஊரார் எடையையா குறைக்க முடியும்?"

ஒரு பைசா கழியவில்லை. இந்த நாட்டில் நேர்மையாக மிச்சம் பிடிக்கிறவனுக்கு மரியாதையே இல்லை என்று சொல்லிக்கொண்டு நேராக ஓட்டலுக்குப் போய், பன்னிரண்டு கிலோவையும் திரும்ப ஏற்றுகிற வேலையைத் தொடங்கினார்கள்.

அடுத்தது எதிர்பாராத செலவு. இதற்குத்தான் விவாதம் நீண்டது.

"பணத்தை எடுத்து வச்சாச்சு. அப்ப அந்தச் செலவை எதிர்பார்க்கிறோம்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"ஆமா."

"எதிர்பார்த்துட்டா அது எப்படி எதிர்பாராத செலவாகும்? பட்ஜெட்டே தப்பாப் போயிருமே!"

சென்னியப்பனுக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் வழி கண்டுபிடித்தார். "பொங்கியண்ணா, பணத்தை நீ வச்சுக்க. நாங்க ரெண்டு பேரும் கனவுல கூட நினைக்காத ஒண்ணை, நினைக்காத நேரத்துல வாங்கிட்டு வா. எங்ககிட்டச் சொல்லிறாதே."

பொங்கியண்ணன் சொன்ன சொல் தவறாதவர். வெள்ளிக்கிழமை சலூன்காரரின் பழைய சுழல் நாற்காலியைப் பன்னிரண்டாயிரத்துக்கு வாங்கி, தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். மற்ற இருவரும் வாயைப் பிளந்தார்கள்.

"இதை எதிர்பார்த்தீங்களா?"

"சத்தியமா இல்லை!"

மூவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். பட்ஜெட்டில் இந்த ஒரு வரிதான் எழுதியபடியே நடந்தது.

மேடு பள்ளத்தைக் கணக்கில் எடுக்கும் பொறுப்பு நாச்சிமுத்துவுக்கு. மூன்று நாள் மலைப்பாதையில் நடந்து, நோட்டு நிறைய எண்ணிக்கொண்டு வந்தார். மேடு நானூற்றுப் பன்னிரண்டு, பள்ளம் நானூற்று முப்பது.

"ரோட்டுல மேடு வர்ற இடத்துல வண்டியில பள்ளம் இருக்கோணும். ரெண்டையும் கூட்டிக் கழிச்சாச் சமம். தூங்கறவனுக்கு ஆட்டமே தெரியாது" என்றார்.

அதன்படி அடிப்பலகையை ஓரிடத்தில் முழங்கால் உயரம் தூக்கியும், ஓரிடத்தில் அண்டா அளவு குழித்தும் அடித்தார்கள். படுக்கை ஒரு மேட்டில், அடுப்பு ஒரு குழியில். பார்க்க வந்த மருதாசலம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வேலையைப் பார்த்து மனிதர் உருகிவிட்டார் என்று இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

புறப்படுகிற அன்று டிரெய்லரை ஜீப்பின் கொக்கியில் மாட்டினார்கள். கொக்கி கழன்றுவிடாமல் குறுக்கே செருகும் இரும்புப் பின்னை நீட்டியபடி, "பின் போடுங்க! மறக்காம பின் போடுங்க!" என்று மருதாசலம் ஜீப்போடு கொஞ்ச தூரம் ஓடியே வந்தார்.

"என்னமோ போடச் சொல்றாரே?" என்றார் நாச்சிமுத்து.

"பின் போடுங்கறார். அப்படீன்னா, பின்னால போட்டுக்கலாம்னு அர்த்தம். நல்ல மனுசன், அவசரப்படுத்த மாட்டார்" என்றார் சென்னியப்பன்.

மலை ஏறியாயிற்று. கொக்கி எப்படியோ பொறுத்துக்கொண்டது. உச்சி தாண்டி, தேயிலைத் தோட்டத்து இறக்கத்தில் இறங்கியபோது, ஒரு பள்ளத்தில் விழுந்த அதிர்ச்சியில் கழன்றுவிட்டது. டிரெய்லர் ஜீப்பை உரசிக்கொண்டு வலப்பக்கமாக முந்திப் போயிற்று. உள்ளே சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பொங்கியண்ணன், சுற்றிச் சுற்றி வந்தபடி ஜன்னலில் முகம் தெரிந்தபோதெல்லாம் கையாட்டினார். இவர்களும் ஆட்டினார்கள்.

"ஏனுங்கண்ணா, முன்னால போற வண்டிதானுங்களே பின்னால வர்றதை இழுக்கும்?" என்று நாச்சிமுத்து மெல்லக் கேட்டார்.

"ஆமா."

"இப்ப அதுதானுங்களே முன்னால போகுது?"

சென்னியப்பன் முகம் மலர்ந்தது. "எஞ்சினை அணைச்சுருடா! டீசல் மிச்சம்!"

நாச்சிமுத்து எஞ்சினை அணைத்துக் கைப்பிரேக்கையும் போட்டார். டிரெய்லர் கீழே ஒரு தேயிலைச் சரிவில் ஏறி, புதருக்குள் மூக்கை நுழைத்து நின்றது. ஜீப் நகரவில்லை. இருவரும் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அரை மணி நேரம் கழித்துப் புதருக்குள்ளிருந்து பொங்கியண்ணனின் குரல் வந்தது.

"ஏனப்பா, கைப்பிரேக்கை எடுங்கப்பா! நானும் எவ்வளவு நேரந்தான் இழுக்கறது?"