முந்திக்கொண்ட கருணை

உலகத்துக்கே தாம்தான் பெரியண்ணன் என்று நினைத்த வேங்கைநாட்டு ராஜாவுக்கு, பக்கத்துக் குட்டி நாட்டின் ஏரி தளும்பினால் வயிறு எரியும். ரகசியமாக ஆள்விட்டுக் கரையை வெட்டினார். இரக்கப்பட்டவர்போல் அரிசியும் அனுப்பினார். ஜனங்களோ, உடைப்பை அடைக்கக் கூடவே மண் சுமந்த தங்கள் ராஜாவையே கொண்டாடினார்கள். இவருக்குத் தாங்குமா?

"அந்த வாயெல்லாம் என்னைப் புகழணும். இல்லையென்றால் உன் தலை இருக்காது" என்று அரிசி கொண்டுபோன வண்டிக்காரன் சுடலையை மறுபடி விரட்டினார்.

போனவன் திரும்பிவந்து சபையில் கைகட்டி நின்றான். "புகழ்ந்து தள்ளுறாங்க மகாராஜா."

"அவனைவிடவா?"

"பின்னே? அவங்க ராஜா கரை உடைஞ்சப்புறம்தான் ஓடிவந்தாராம். நீங்க அனுப்பின அரிசியோ மூணு நாள் வழியைத் தாண்டி, உடைஞ்ச அன்னிக்குக் காலையிலேயே வந்து நின்னுச்சே, என்ன தீர்க்கதரிசின்னு வாய் பிளக்கிறாங்க."

சுடலை இன்னொரு கும்பிடு போட்டான்.

"உங்களை நேரில் பார்க்கணுமாம். பெரியவங்களை வெறுங்கையோட பார்க்கக் கூடாதில்லையா, ஆளுக்கொரு மண்வெட்டியோட வந்துட்டிருக்காங்க."