ஆரோக்கியதாஸ் லென்ஸுக்கு ஒரு பெட்டி

வைத்திலிங்கம் கல்யாண வீடியோ எடுத்தே தலை நரைத்தவர். ஐம்பதை நெருங்கும்போதுதான், இத்தனை காலமாகத் தான் எடுத்ததெல்லாம் வெறும் வெளிச்சம், படமே இல்லை என்று அவருக்கு உறைத்தது. உறைத்த கையோடு நாகப்பட்டினத்தில் மரகதவல்லியிடம் போய்ச் சேர்ந்தார்.

மரகதவல்லி ஆவணப்படங்களுக்கு ஒளிப்பதிவு செய்பவர். வைத்திலிங்கத்தைவிடப் பத்து வயதாவது இளையவர். மூடிப்போன ஒரு ஐஸ் கம்பெனிக் கட்டடத்தில் நாலைந்து பேருக்குக் கேமரா சொல்லிக்கொடுத்து வந்தார். சொல்லிக்கொடுத்தார் என்பதுகூடப் பெரிய வார்த்தை. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் வழக்கமே அவரிடம் கிடையாது.

வைத்திலிங்கம் அவரை "மேடம்" என்பார். மரகதவல்லி இவரை "அண்ணே" என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இதில் யார் குரு, யார் சீடன் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும்.

ஒரு மழைக்காலத்தில் வைத்திலிங்கத்தின் நண்பர் ஆரோக்கியதாஸ் இறந்துபோனார். அவரும் கேமராக்காரர்தான். மண்டப வாசலில் ஒருவர் வாய்ப்பை ஒருவர் தட்டிப் பறித்துக்கொண்டு, வெளியே வந்ததும் ஒரே டீயைப் பாதிப் பாதியாகக் குடித்த சிநேகம் அது. அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, அவர் மனைவி பிலோமினா ஒரு லென்ஸைக் கொண்டுவந்து வைத்திலிங்கத்தின் கையில் கொடுத்தார்.

"அவரோட லென்ஸ் தம்பி. நீங்க வச்சுக்கங்க."

வைத்திலிங்கம் அந்த இடத்திலேயே குலுங்கி அழுதார். கையில் இருந்த லென்ஸ் நழுவப் பார்த்தது. சட்டென்று இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அன்றைக்கே மரகதவல்லியிடம் வந்துவிட்டார்.

"மேடம், ஒரு பெட்டி வாங்கணும். எது நல்ல பெட்டின்னு நீங்கதான் சொல்லணும்."

"எதுல போகப்போகுது?"

"என்னது மேடம்?"

"விமானத்துல போகுதுன்னா கெட்டிப் பெட்டி வேணும், தூக்கி எறிவாங்க. பஸ்ல மடியில வச்சுட்டுப் போறதுன்னா ஒரு தோள்பை போதும். படகுன்னா ரெண்டுமே ஆகாது, வேற பாக்கணும்."

"எங்கயும் போகாது மேடம். எங்க வீட்டு பீரோவுல இருக்கும்."

மரகதவல்லி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அதுல என்ன எடுக்கப்போறீங்க?"

"எடுக்கறதா?" வைத்திலிங்கம் பதறிப்போனார். "ஒரு கீறல் விழுந்துட்டா? இது தாஸண்ணன் லென்ஸ் மேடம்!"

மரகதவல்லி எழுந்துபோய், அலமாரிக்குக் கீழிருந்து தன் லென்ஸ் பெட்டியை இழுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். ஒரு மூலை நசுங்கியிருந்தது. கொக்கி போன இடத்தில் சணல் கயிறு கட்டியிருந்தது. கயிற்றை அவிழ்த்து மூடியைத் திறந்தார். உள்ளே ஃபோமில் லென்ஸ் அளவுக்கு ஒரு வட்டக் குழி மட்டும் இருந்தது.

"காலியா இருக்கே மேடம்?"

"வேலைக்குப் போயிருக்கு."

வைத்திலிங்கம் மரியாதைக்குச் சிரித்துவைத்தார். மேடத்துக்கு இன்றைக்குப் பேச மனசில்லை போலிருக்கிறது, இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டார். ஆனால் இன்னொரு நாள் வரை அவருக்குப் பொறுக்கவில்லை. சென்னைக்கு ரயில் ஏறினார்.

கடையில் அவர் புரட்டிப்போடாத பெட்டி இல்லை. அலுமினியப் பெட்டி பார்க்க லட்சணமாக இருந்தது, ஒரு தடவை நசுங்கினால் மூடி சேராது என்றார் கடைக்காரர். தோள்பை மெத்தென்று இருந்தது, அடைமழையைத் தாங்காது. கடைசியாக ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி வந்தது. மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், கடித்துப் பிடிக்கிற கொக்கிகள், உள்ளே வெட்டி எடுத்துக்கொள்ளும்படியான கனத்த ஃபோம்.

"கடல்ல விழுந்தாலும் மிதக்கும் சார்."

"தண்ணி?"

"தண்ணியா? காத்துகூடப் புகாது."

வைத்திலிங்கத்துக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. இருந்தாலும் வீட்டுக்கு வந்து சோதித்துப் பார்த்தார். ஒரு செய்தித்தாளை உள்ளே வைத்துப் பூட்டி, பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒரு பொழுது கழித்துத் திறந்தபோது காகிதம் மொறுமொறுவென்று அப்படியே இருந்தது.

அன்று மழை விட்டபாடில்லை. சுவரெல்லாம் ஈரம் பூத்து ஓதமேறிக் கிடந்தது. வைத்திலிங்கம் குளித்துவிட்டு வந்து, லென்ஸை வெல்வெட் துணியில் சுற்றி, ஃபோமில் வெட்டிய குழிக்குள் வைத்து, கொக்கிகளை அழுத்திப் பூட்டினார். ஒரு பெரிய கடமையை முடித்த நிம்மதியோடு அன்றிரவு தூங்கினார்.

ஆயுத பூஜை தோறும் பீரோவிலிருந்து பெட்டி வெளியே வரும். துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பூ வைப்பார். தாஸண்ணன் மாதா பக்தர், அவருடைய லென்ஸுக்குக் குங்குமம் வைக்கலாமா என்று முதல் வருஷம் ஒரு தயக்கம் இருந்தது. அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று தேறிக்கொண்டார். பெட்டியைத் திறக்க மட்டும் மாட்டார், தூசு போய்விடும்.

நடுவில் ஒருமுறை மரகதவல்லி கேட்டார்.

"உங்க நண்பரோட லென்ஸ் எப்படிண்ணே இருக்கு?"

"பத்திரமா இருக்கு மேடம்."

"பாத்தீங்களா?"

"பாக்கவே வேணாம். அப்படி ஒரு பெட்டி."

இரண்டாவது ஆயுத பூஜையும் கழிந்து, மார்கழி வாக்கில் பிலோமினா பழத்தட்டோடு வந்தார். மகள் ரெஜினாவுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாயிற்று.

"நீங்கதான் படம் எடுக்கணும் தம்பி. அப்பா லென்ஸ்லதான் எடுக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அப்பாவே நின்னு பாக்கற மாதிரி இருக்குமாம்."

வைத்திலிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதற்காகத்தானே இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம் என்று பூரித்துப்போனார். பிலோமினா படியிறங்கியதும் பீரோவைத் திறந்தார்.

கொக்கிகளை விடுவித்ததும் பூட்டிக் கிடந்த வீட்டின் வாடை அடித்தது. வெல்வெட் துணி பிசுபிசுத்தது. லென்ஸை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். கண்ணாடிக்கு உள்ளே, நூல் நூலாக, வெள்ளையாக, பூஞ்சை கிளைவிட்டுப் படர்ந்திருந்தது.

மறுநாள் பெட்டியும் கையுமாக மரகதவல்லி முன்னால் நின்றார். அவர் லென்ஸை வாங்கிக் கேமராவில் மாட்டி, ஒரு மாணவியை மணப்பெண் முக்காடு மாதிரி வெள்ளைத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நிற்கச் சொன்னார். திரையில் துண்டின் வெள்ளை பொங்கி வழிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகைமூட்டம்தான் தெரிந்தது.

"மெக்கானிக்கிட்ட கொடுத்துத் துடைச்சா?"

"பூஞ்சை போகும். ஆனா அது கண்ணாடியோட மேல்பூச்சைத் தின்னுட்டுது. அந்தத் தடம் போகாது."

வைத்திலிங்கத்துக்குப் பெட்டிமேல் கோபம் வந்தது. எட்டி உதைத்தார்.

"காத்துகூடப் புகாதுன்னானே மேடம்! தண்ணியில அமுக்கிப் பாத்தேனே!"

"பெட்டி சொன்னபடி நடந்திருக்கு. வெளியில இருந்த ஈரத்தை உள்ள விடல. நீங்க உள்ள வச்சுப் பூட்டின ஈரத்தை வெளிய விடல."

உதைத்த பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு, வைத்திலிங்கம் தணிந்த குரலில் கேட்டார். "இதே கம்பெனி லென்ஸ் இன்னொண்ணு வாடகைக்குக் கிடைக்கும். மாட்டி எடுத்துடவா? அவங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

"தெரியாது."

"அப்ப சரிதானே மேடம்?"

"உங்களுக்குத் தெரியுமே அண்ணே."

வைத்திலிங்கம் தலை குனிந்தார். "நீங்களும் கூட வாங்க மேடம். தனியாப் போக எனக்குத் தைரியம் இல்ல" என்றார்.

இருவரும் பிலோமினா வீட்டுக்குப் போனார்கள். கல்யாண வீடு வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. உள் அறையில் ரெஜினா தோழிகளோடு புடவை பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்புச் சத்தம் வாசல் வரை கேட்டது. வைத்திலிங்கம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, லென்ஸை நீட்டினார்.

பிலோமினா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"கண்ணுல புரை விழுந்த மாதிரி இருக்கு தம்பி."

"ஆமா அண்ணி."

"சரியாகாதா?"

"ஆகாது அண்ணி."

உள்ளே மறுபடி சிரிப்பு எழுந்தது. பிலோமினா அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கண்கள் நிறைந்துவிட்டன. குரலை மட்டும் கட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"வேற எதுலயாவது எடுங்க. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க தம்பி. அப்பா லென்ஸ்னு ஊர் பூரா சொல்லி வச்சிருக்கா."

லென்ஸை அவர் திருப்பித் தரவில்லை. வைத்திலிங்கமும் கேட்கவில்லை.

தெருமுனை வரை இருவரும் நடந்தார்கள். அங்கே வைத்திலிங்கத்துக்கு அடக்க முடியவில்லை.

"என்னை என்னன்னு நினைச்சிருப்பாங்க மேடம்? அலட்சியமா வச்சிருந்தான்னுதானே? ஒரு தூசு படவிட்டேனா? யார் கையிலயாவது கொடுத்தேனா? அவர்மேல இருந்த மரியாதையில, இத்தனை நாளா நான் அதைத் தொடக்கூட இல்லையே மேடம்!"

மரகதவல்லி நின்றார்.

"தொடத்தானே அண்ணே கொடுத்தாங்க."