முப்பதாவது நிமிடம்

“டீச்சர், முப்பதாவது நிமிஷத்தை எதுக்குச் சும்மா விடுதீங்க?”

கேட்டவர் ராயப்பன். வயது ஐம்பத்தாறு. சரக்குக் கப்பல்களில் இருபது வருஷம் வயர்லெஸ் பார்த்தவர். ஊர் திரும்பி, கல்லாமுனைக் கரை நிலையத்தில் ஜெசிந்தாவிடம் வேலை பழக வந்திருந்தார்.

அவளுக்கு முப்பத்துநாலுதான். ஆனாலும் வேலை சொல்லித் தருகிறவள் டீச்சர்தானே.

அங்கே நடக்கிற காரியம் இதுதான். கடலில் இருபத்தொன்பது படகு. கரையோடு பேச எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் பேச்சும் தேறாது, வெறும் இரைச்சல். அதனால் ஜெசிந்தா முறை வைத்திருந்தாள். அரை மணிக்கு ஒரு சுற்று. படகுக்கு ஒரு நிமிடம்.

முப்பதாவது நிமிடம் யாருக்கும் இல்லை.

“அதுக்கு ஆள் உண்டு அண்ணாச்சி.”

“யாரு?”

“எனக்குத் தெரியாது.”

ராயப்பனுக்குச் சுருக்கென்றது. தெரியாத ஆளுக்கு ஒரு நிமிஷமாம்! இப்படி ஒரு கூத்தை அவர் எந்தக் கப்பலிலும் பார்த்ததில்லை.

அந்த நிமிடம் வந்ததும் ஜெசிந்தா மின்விசிறியை அணைப்பாள். ஜன்னலைச் சாத்துவாள். ஸ்பீக்கரில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். ஒன்றும் வராது. எழுந்து விசிறியைப் போடுவாள்.

தினமும் இதே கதை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் பாட்டரி வாங்க டவுனுக்குப் போனாள். திரும்ப மறுநாளாகும் என்று சொல்லியிருந்தாள். அன்று சேசுராஜ் வந்தான், புதுப் படகு இறக்கியவன்.

“மாமா, எனக்கும் ஒரு முறை குடுங்க.”

“டீச்சர் வரட்டும்டே.”

“நாளைக்கே கடலுக்குப் போறேன். கரைக்கு ஒரு வார்த்தை பேச வழியில்லாம எப்படிப் போக? வீட்டுல அவ அழுதுக்கிட்டே இருக்கா மாமா.”

வாயுள்ள பிள்ளை பிழைக்கும். ராயப்பன் பட்டியலை எடுத்து, முப்பதாவது இடத்தில் அவன் படகின் பெயரை எழுதினார். இனி ஒரு நொடிகூட வீணில்லை. மனுஷனுக்கு அன்று சாப்பாடு ருசித்தது.

மறுநாள் மத்தியானம் காற்று கிளம்பியது.

முப்பதாவது நிமிடத்தில் சேசுராஜ் பேசினான். நடுவே கரகரவென்று இரைச்சல்.

“சேசு, உன் செட்டு சரியில்லடே. திரும்பச் சொல்லு.”

சொன்னான். மறுபடியும் இரைச்சல். ராயப்பன் அலுத்துக்கொண்டு அடுத்த சுற்றைத் தொடங்கினார்.

அந்தச் சுற்று முடிகிற நேரத்தில் ஜெசிந்தா உள்ளே வந்தாள். மறுபடியும் சேசுராஜின் முறை. மறுபடியும் அதே கரகரப்பு.

கையிலிருந்த பாட்டரியை அப்படியே கீழே போட்டாள். மைக்கைப் பிடுங்கினாள்.

“சேசுராஜா, நிறுத்து. யாரும் வாயைத் திறக்கக் கூடாது.”

விசிறியை அணைத்தாள்.

இருபத்தொன்பது படகும் புதுப் படகும் வாயை மூடின.

நூல் மாதிரி ஒரு குரல் வந்தது. பக்கத்து ஊர் வள்ளக்காரன். கழுத்தில் கட்டிய சின்ன வயர்லெஸ். கரைக்கு எதிரே உள்ள தீவுக்குத் தெற்கே வள்ளம் கவிழ்ந்துவிட்டதாம்.

“எத்தனை பேரு?” என்றாள் ஜெசிந்தா.

“ரெண்டு பேரு வந்தோம். இப்ப நான் மட்டும்.”

சேசுராஜ்தான் பக்கத்தில் இருந்தான். அவனே போய்த் தூக்கினான்.

படகு கரை சேரும்வரை ராயப்பன் நாற்காலியை விட்டு எழவில்லை.

“டீச்சர், என்னைத் திட்டுங்க. ஒரு வார்த்தையாவது திட்டுங்க.”

“படகு கரைக்கு வந்தாச்சு அண்ணாச்சி. போய்க் கையைப் பிடிச்சு இறக்குங்க.”

“நானா?”

“நீங்கதான்.”

போனார்.

பிழைத்தவன் பெயர் வியாகுலம். ராயப்பன் நீட்டிய கையைப் பிடித்து இறங்கினான். பிடித்த கையை விடவில்லை.

“நீங்கதான் கரையில இருந்தீங்களா?”

“ஆமா.”

“முப்பதாவது நிமிஷம் கூப்பிட்டா கல்லாமுனையில கேப்பாங்கன்னு எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மத்த நேரத்துல பெரிய செட்டுக்காரங்க சத்தத்துல எங்க சத்தம் எடுபடாதுல்ல. அந்த நிமிஷத்துக்காகக் காத்துக் கிடந்து கூப்பிட்டேன். முதல்ல கூப்பிடும்போது என் தம்பி உயிரோடதான் இருந்தான். வள்ளத்தைப் பிடிச்சுக்கிட்டு என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தான்.”

வியாகுலம் அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

“அண்ணாச்சி, நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கலையா?”

கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். யார் வந்து மறுக்கப் போகிறார்கள்?

“கேட்டுச்சு,” என்றார் ராயப்பன்.