நூறு மணிக்கு அப்பால் ஒரு மகள்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், எனக்குச் சொன்னவரும் சொல்லவில்லை, வீரவிடங்கன் என்றொரு ராஜா இருந்தார். அவருடைய தேரில் ஒரு மரப்பொம்மை உண்டு. சக்கரம் இத்தனை சுற்று உருண்டால் பொம்மை ஒரு தரம் மணியடிக்கும். மணியை எண்ணினால் வந்த தூரம் தெரியும். மணி அடுத்தடுத்து விழுந்தால் தேர் வேகம். இழுத்து இழுத்து விழுந்தால் மந்தம். ராஜாவுக்கு மந்திரிகளைவிட அந்தப் பொம்மைமேல்தான் நம்பிக்கை. பின்னே, அதற்குப் பொய் சொல்லத் தெரியாதே!

அவருக்கு ஒரே மகள், மரகதவல்லி. தாயில்லாப் பெண். மந்திரி சோமேசர் தம் மகனுக்கு அவளைக் கேட்டுக்கொண்டிருக்க, அவளோ குன்றூர்த் தலைவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். குன்றூர் நூற்றிருபது மணித் தூரம். ராஜாவுக்கு வந்ததே கோபம்!

"அவள் இந்த வாசலை மிதிக்கக் கூடாது! நானும் போகமாட்டேன். இனி எந்தப் பயணத்திலும் என் தேர்மணி நூறைத் தாண்டாது. இது சபதம்!" என்று சபையில் கர்ஜித்தார். சோமேசர் சும்மா இருப்பாரா? அதைக் கல்லில் வெட்டி அரண்மனை வாசலில் நட்டுவிட்டார்.

கோபம் எத்தனை நாளைக்கு நிற்கும்? ராஜா அடிக்கடி குன்றூர்ச் சாலையில் தேரை விடச் சொல்வார். நூறாவது மணி ஒரு பனந்தோப்பில் விழும். அங்கே இறங்கித் தூரத்துக் குன்றைப் பார்த்துக்கொண்டே நிற்பார். மலையடியில் புகை தெரிந்தால் போதும், அது மகள் வீட்டு அடுப்பாக இருக்குமோ என்று மனசு அடித்துக்கொள்ளும். பிறகு தேரைத் திருப்பச் சொல்லிவிடுவார்.

இப்படியிருக்க, மரகதவல்லிக்கு நிறைமாதம் என்று சேதி வந்தது. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில் நடக்க வேண்டும். சபதம் வாசலிலேயே நிற்கிறதே! ராஜா சோற்றைப் பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

"பொண்ணைப் பாக்கணும்டா பிச்சாண்டி," என்றார் தம் விகடகவியிடம்.

அது சோமேசர் காதில் விழுந்துவிட்டது. பிச்சாண்டியைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"அரசே! சபதம் கெடாமல் தங்களைக் குன்றூருக்கு அழைத்துச் செல்லட்டும் இந்தக் கெட்டிக்காரர். முடியாவிட்டால் நாட்டைவிட்டே போகட்டும்," என்றார்.

"தங்கள் சித்தம் அரசே, நாளைக் காலையில் புறப்படலாம்," என்றான் பிச்சாண்டி.

நேரே தச்சுப் பட்டறைக்குப் போனான். "அண்ணே, தேர்ச் சக்கரத்தைவிடக் கால் பங்கு பெரிசா நாலு சக்கரம் வேணும்," என்றான்.

"அச்சு ஒடிஞ்சா என்னைக் குத்தம் சொல்லக்கூடாது ஆமா," என்று முணுமுணுத்துக்கொண்டே ஊர்த் தச்சர்களையெல்லாம் கூட்டி முடித்துக் கொடுத்தான் தச்சன்.

மறுநாள் தேர் கிளம்பியது. குதிரைகள் பறந்தன. மணியோ ஆடி அசைந்து விழுந்தது.

"ஏண்டா, தேர் மந்தமாப் போகுதோ?"

"மணி அப்படித்தான் சொல்கிறது அரசே."

அந்த மந்தத்தில் ராஜாவின் தலைப்பாகை காற்றோடு போய்விட்டது!

பனந்தோப்பு வந்தது. மணி எண்பதுதான் ஆகியிருந்தது. ராஜா நிறுத்தச் சொல்லவில்லை. குன்று கிட்டே வரவர அவர் எட்டி எட்டிப் பார்த்தார். தொண்ணூற்றாறாவது மணி மகள் வீட்டு வாசலில் விழுந்தது.

மரகதவல்லி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "என்னப்பா, இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?" என்றாள். ராஜா ஓவென்று அழுதுவிட்டார்.

சற்று நேரத்தில் சோமேசரும் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். பட்டறையில் கிடந்த பழைய சக்கரங்களை ஒரு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"மோசடி அரசே! சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்கு ஓடும் தூரம் அதிகம். மணி குறைத்துச் சொல்லிவிட்டது. இந்தப் பழைய சக்கரமாக இருந்தால் நூற்றிருபது அடித்திருக்கும்!"

"அரசே, சபதம் மணியைப் பற்றியது. சக்கரம் எவ்வளவு பெரிது என்று அதில் ஒரு சொல்லும் இல்லை," என்றான் பிச்சாண்டி.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சோமேசரே, தேர் உயர்ந்திருப்பதை ஏறும்போதே என் முழங்கால் சொல்லிவிட்டது. தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு வந்தேன். இருந்தாலும் நீர் சொல்வது நியாயம். பழைய சக்கரங்களையே மாட்டச் சொல்லும்."

சோமேசருக்குத் தலைகால் புரியவில்லை. தாமே கூட நின்று மாட்டவைத்தார். "புறப்படலாமா அரசே?" என்று கைகட்டி நின்றார்.

"எப்படிப் புறப்படுவது? இந்தச் சக்கரத்தில் போனால் அரண்மனை நூற்றிருபது மணித் தூரமாயிற்றே! என் சபதம் என்னாவது?"

சோமேசர் முகத்தில் ஈயாடவில்லை. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டிக்குப் போட்டார்.

"பெரிய சக்கரத்தை நீ பத்திரமா வெச்சுக்கடா. பேரப்புள்ள நடக்கப் பழகினப்புறம் கேக்கறேன்," என்றார்.