கரடியார் வந்து வெட்ட வேண்டிய கொடி

ஆலங்காட்டுக் குளத்து உயிர்களெல்லாம் கூடி, தவளை ஏகாம்பரத்தை மலைமேல் இருக்கும் வன மன்றத்துக்கு உறுப்பினராக அனுப்பி வைத்தன. வாரம் தவறாமல் ஒரு மைனா பறந்து வந்து அவருடைய சாதனைகளைக் கூவிவிட்டுப் போகும். இந்த வாரம் உறுப்பினர் மன்றத்தில் இரண்டு தடவை எழுந்து நின்றார். போன வாரம் நீர்த்துறை அமைச்சர் கரடியாருக்குப் பக்கத்திலேயே நின்றார். நின்றதைத் தவிர வேறென்ன கிழித்தார் என்று மைனாவும் சொல்லாது, குளத்திலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

குளம் மட்டும் வற்றிக்கொண்டே போனது. ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் மணல் மூடிக் கிடந்தது. அதைத் தூர்வார வழி பண்ணத்தான் ஏகாம்பரத்தை அனுப்பியதே. அவருக்குப் பேசக் கிடைத்த நேரமெல்லாம் கரடியாரின் கருணையைப் புகழ்வதிலேயே தீர்ந்துபோனது. வாய்க்கால் என்று ஆரம்பிப்பதற்குள் மணியடித்து உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

நண்டு நல்லம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. நடுக்குளத்தில் மிச்சமிருந்த குட்டைத் தண்ணீரில்தான் அவள் குஞ்சுகள் கிடந்தன. தவளைகளின் தலைப்பிரட்டைகளும் அதற்குள்தான். அந்தத் தண்ணீரும் போனால் ஒன்றுகூடப் பிழைக்காது. ஆமைகளையும் எலிகளையும் கூட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கிவிட்டாள். ஒன்பது நாள் மாடாய் உழைத்தார்கள். ஓடைக்கரையில் இன்னும் ஒரு முழம் மண்தான் பாக்கி.

இந்தச் சேதி மலைக்கு எப்படித்தான் எட்டியதோ, மறுநாள் காலையில் ஏகாம்பரம் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். வெட்டியது போதும், எல்லாரும் விலகுங்கள் என்றார். அந்த ஒரு முழ மண்ணுக்குக் குறுக்கே காட்டுக்கொடி ஒன்றைத் திறப்புவிழா நாடா மாதிரி இழுத்துக் கட்டினார்.

"இது நம்ம திட்டம். அமைச்சர் வந்து கொடியை வெட்டினப்புறம்தான் தண்ணி போகணும்" என்றார்.

அமைச்சரே வருகிறாராமே என்று ஆமைகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ப் பூப்பறித்து வந்து கொடியில் சுற்றின. வெட்கங்கெட்ட ஆமைகள்!

திங்கட்கிழமை வருவதாக இருந்த கரடியாருக்கு அன்றைக்கு எங்கோ தேன் விருந்து. புதன்கிழமை நேரம் சரியில்லை. வெள்ளிக்கிழமை கண்டிப்பாக வருவார் என்று மைனா வந்து சொன்னது. அதற்குள் குட்டை உள்ளங்கையளவு ஆகிவிட்டது.

நல்லம்மாள் வியாழக்கிழமை காலை ஓடைக்கரைக்கு ஓடினாள். ஏகாம்பரம் மண்மேட்டின்மேல் ஏறி நின்று வரவேற்புரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

"அண்ணே, பிள்ளைங்க வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடக்குதுங்க. உங்க தங்கச்சி பெத்ததும் அதுலதான் இருக்கு."

"எனக்கு மட்டும் மனசு வலிக்காதா நல்லம்மா? ஒரே ஒரு நாள். பொறுத்துக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கரடியாரைப் புகழ ஆரம்பித்தார்.

நல்லம்மாளுக்கு ஆத்திரமாக வந்தது. பயமும் இருந்தது. மன்றத்தை மீறி அந்தக் குளத்தில் யாரும் எதுவும் செய்ததில்லை. ஆனாலும் யார் கண்ணிலும் படாமல் மேட்டுக்கு அடியில் புகுந்தாள். மேலே வரவேற்புரை, கீழே கொடுக்கு. 'பொன்மனச் செம்மலே' என்று அவர் கையைத் தூக்கியபோது மண் பொலபொலவென்று உட்கார்ந்தது. கொடி, பூ, உறுப்பினர் எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடைத்தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது.

"யாரைக் கேட்டுடி திறந்தே?" என்று தண்ணீரில் உருண்டுகொண்டே கத்தினார்.

"பிள்ளைங்களைக் கேட்டேன், அண்ணே."

பொழுது சாய்வதற்குள் குளம் பாதி நிறைந்துவிட்டது. ஒரு குஞ்சும் சாகவில்லை. நல்லம்மாள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து அழுதாள்.

வெள்ளிக்கிழமை கரடியார் ஆரவாரமாக வந்தார். ஏகாம்பரமும் விடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த வாய்க்காலுக்கு மேலேயே வேறொரு கொடியைக் கட்டி வைத்திருந்தார். கரடியார் நகத்தால் அதை அறுத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு சுற்றிலும் பார்த்தார். மைனா மட்டும் இறக்கையைத் தட்டியது.

"எங்கேய்யா கூட்டம்?" என்று கேட்டார்.

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார். "எல்லாரும் குளத்துல குளிச்சுக்கிட்டு இருக்காங்க, ஐயா."

அடுத்தவர் செய்த வேலையை மறித்து நின்று பெயர் வாங்கப் பார்ப்பவருக்குக் கடைசியில் கைதட்டக்கூட ஆள் இருக்காது.